இருபத்தொரு தட்டும் நாலு ஸ்டூலும்

"…ஸ்டூல்ல யாரும் உக்காரவே இல்லன்னு சொல்லிடுங்க அக்கா, அவ்ளோதான். பதினேழு சீட்டு, பதினேழு பேரு. வண்டி நம்ம சொந்தக்காரங்க வண்டி. டீச்சரு வண்டியில ஏறவே இல்ல, மண்டபத்துப் படியில வழுக்கிட்டாங்க. மீதிய வக்கீல் பாத்துக்குவாரு."

வண்டிக்கார பாய் இதை என் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரைப் பார்த்துச் சொன்னார். தை மாசம், காலை பத்து மணி. பதினொரு மணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து என்னை விசாரிக்கப் போகிறார் என்று தகவல் வந்திருந்தது. உளுந்தில் கை விட்டுத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

மந்தைவெளியில் இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறேன். படிப்பு எட்டாவதோடு நின்றது. அதுக்கப்புறம் படித்ததெல்லாம் பொட்டலம் கட்ட வந்த பேப்பரும், மாவு வாங்க வந்தவர்களின் வாயும்தான். யாராவது நறுக்கென்று ஒன்று சொன்னால் தேதி கிழித்த காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்துக்கொள்வேன். அப்படி ஒரு தாளில், முன்னாள் நர்ஸம்மா ஒருவர் சொன்னது இருக்கிறது: "பயம் மாவு மாதிரி. மூடி போட்டு வெச்சா அடங்காது, பொங்கும்." எழுதின அன்றைக்கு அழகாக இருக்கிறதே என்றுதான் எழுதினேன். அர்த்தம் தெரிந்தது ஆவணிக்கு அப்புறம்.

பாயை எனக்குப் பதினைந்து வருஷப் பழக்கம். வீடு ராயப்பேட்டையில். அண்ணன் தம்பி நாலு பேரும் பிள்ளை குட்டிகளோடு ஒரே கூரையின் கீழ். அவ்வளவு பேரையும் ஏற்றிக்கொண்டு போகத்தான் அந்தப் பதினேழு சீட் வேனை வாங்கினார். வெள்ளை போர்டு. அதாவது சொந்த உபயோகத்துக்கு மட்டும். வாடகைக்கு ஓட்டுவதென்றால் மஞ்சள் போர்டு வேண்டும், பெர்மிட் வேண்டும், வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்க வேண்டும். பாயிடம் அதெல்லாம் கிடையாது. "தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் ஓட்டுவேன்" என்பார். மயிலாப்பூரில் பாதிப் பேரை அவருக்குத் தெரியும்.

எங்கள் எதிர் வீட்டுப் பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம். மண்டபம் கே.கே. நகரில். பெண்ணைத் தனிக் காரில் அனுப்பிவிட்டு, சீர் வரிசையும் பெண்களும் வேனில் போவது என்று ஏற்பாடு. வண்டி பேசிவிட்டது நான்தான். "உங்க வாய்க்குத்தான் பாய் கட்டுப்படுவார்" என்று பெண்ணின் அம்மா சொன்னாள். அந்தப் புகழ்ச்சியில் மயங்கினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சீர்த் தட்டு இருபத்தொன்று. எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கற்பூரம் காட்டித் தட்டைத் தூக்கிவிட்டால், மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வைக்கிற வரைக்கும் அதைத் தரையில் வைக்கக் கூடாது. ஒரு தட்டுக்கு ஒரு மடி. இருபத்தொரு தட்டுக்கு இருபத்தொரு பெண்கள். எல்லோரும் பட்டுப்புடவையில், ரெண்டு கையாலும் தட்டைப் பிடித்தபடி வாசலில் வந்து நின்றபோது பாய் எண்ணிப் பார்த்தார்.

"இன்னா அக்கா இது? பதினேழு சீட்டு கீது. மீதி நாலு பேர எங்க வெக்கறது, என் தலையிலயா?"

"ஸ்டூல் தரேன் பாய், நடுவுல போட்டுக்கலாம். இதோ இருக்கிற கே.கே. நகர்."

"நாலு தட்ட கீழ வெச்சிட்டா நாலு பேரு ஆட்டோல வந்துடலாமே?"

"சீர்த் தட்டைக் கீழ வெக்கிறதா? நல்ல நாளும் அதுவுமா, வாயைக் கழுவுங்க."

பெண்ணின் அம்மாவும் சேர்ந்துகொண்டாள். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணச் சொல்லியிருக்காங்க. நாலு ஸ்டூல் போட மாட்டீங்களா பாய்?"

பெண்கள் சிரித்தார்கள். பாயும் சிரித்துவிட்டார். "சரி, ஏறுங்க. வழியில யாராச்சும் கேட்டா சொந்தக்காரங்க வண்டின்னு சொல்லுங்க" என்றார்.

வாடிக்கையாளர்கள் உட்கார என் கடை வாசலில் நாலு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டிருப்பேன். அக்கம்பக்கத்தில் இரவல் போய் மாறிவிடக் கூடாது என்று ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளைப் பெயின்டில் ஒரு புள்ளி வைத்திருந்தேன். அவற்றை நானேதான் எடுத்துக் கொடுத்தேன். சாமானெல்லாம் ஏற்கெனவே ஏறியிருந்தது. கூரைமேல் பித்தளை அண்டா, கட்டில், மெத்தைச் சுருட்டு. கடைசி சீட்டுக்குப் பின்னால் கிரைண்டரும் ஒரு ஜோடிக் குத்துவிளக்கும் பாத்திர மூட்டையும். சீட் பெல்ட் இருந்ததா என்றால் இருந்தது, சீட் கவருக்கு அடியில். இருந்தும் போட யாருக்குக் கை இருந்தது?

வீணை டீச்சருக்குக் கடைசியிலிருந்து இரண்டாவது வரிசையில் சீட் கிடைத்திருந்தது. முழங்கால் வலிக்காரி ஒருத்தி நிற்பதைப் பார்த்து எழுந்துகொண்டார். "நீங்க உக்காருங்கோ. நான் ஒல்லி, ஸ்டூல்லயே உக்காந்துண்டு வந்துடுவேன்." கையில் கல்கண்டுத் தட்டு. எங்கள் தெருவில் அம்மாவோடு இருந்தவர். அம்மா போன பிறகு தனியாள். தெருப் பிள்ளைகளுக்கு வீணை சொல்லிக் கொடுத்துத்தான் அடுப்பு எரிந்தது.

நான் முன் சீட்டில், பாய்க்குப் பக்கத்தில், வெற்றிலைத் தட்டோடு. முதல் வேகத்தடையில் கூரைமேல் அண்டா 'ணங்' என்றது. வண்டியின் தலை இறங்கிக் கொஞ்சம் பொறுத்துத்தான் வால் இறங்கியது. பாய் எப்போதும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு ஓட்டுகிறவர். அன்றைக்குப் பேச்சில்லை. உதடு மட்டும் அசைந்தது. அல்லாவிடம் துவா ஓதுகிறார் என்று புரிந்ததும் வெற்றிலைத் தட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, பின்னாடி வெயிட்டு ஜாஸ்தியா கீது," என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "நா ஒரு பக்கம் ஒடிச்சா அது ஒரு பக்கம் வருது."

"மெதுவா போங்க பாய்."

அதைத்தான் சொன்னேன். நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரோ யாருடைய புடவைக் கரையையோ பற்றிப் பேச, எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்தி, நாலு பேரை இறக்கி, நாலு தட்டை என்ன செய்வது? கல்யாணத்துக்குப் போகிற வண்டியை நடுவழியில் நிறுத்தினால் அபசகுனம் என்பார்களே. அந்த நினைப்பில் வாயை மூடிக்கொண்டேன். பேசிப் பேசியே பிழைத்தவள், பேச வேண்டிய இடத்தில் பேசவில்லை.

நந்தனம் பக்கம் மெட்ரோ வேலை நடந்ததால் நெரிசல். பாய் கோட்டூர்புரம் பாலத்துக்கு வண்டியைத் திருப்பினார். பாலம் ஏறும்போது இஞ்சின் முனகியது. உச்சியில் ஆற்றுக் காற்று பக்கவாட்டில் வந்து மோதியதும் வண்டி ஒரு தரம் தோளைக் குலுக்கியது. இறங்குகிற இடத்தில் 'டப்' என்று ஒரு சத்தம். தீபாவளிக்கு வைக்கிற பெரிய வெடி மாதிரி, எங்களுக்குக் கீழேயிருந்து.

பின் டயர்.

அதுக்கப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்கு இன்னும் சரியான வார்த்தை அகப்படவில்லை. வண்டியின் வால் எங்களை முந்திக்கொண்டு வந்தது. பாய் ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்தார். கூரைமேல் இருந்ததெல்லாம் ஒரு பக்கமாகச் சரிகிற சத்தம். என் பக்கத்து ஜன்னலில் வானம் தெரிந்தது. பாய் பக்கத்து ஜன்னலில் தார் ரோடு தெரிந்தது. ஆறு எந்தப் பக்கம், ஆறு எந்தப் பக்கம் என்று அதுவே மனசில் ஓடியது. யாரும் கத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. இருபத்தொரு பெண்கள், ஒரு சத்தம் இல்லை. கம்பி இருந்தது, முன் சீட்டின் முதுகு இருந்தது. எதையும் பிடிக்க எவளுக்கும் கை இல்லை.

பிறகு வண்டி 'தொம்' என்று நாலு சக்கரத்திலும் விழுந்து, நடைபாதைக் கல்லில் ஏறி, ஒரு சுவரில் மூக்கை இடித்து நின்றது.

உள்ளே எல்லாம் சிவப்பு. மூன்று வினாடிக்கு என் உயிர் என்னிடம் இல்லை. குங்குமத் தட்டு கொட்டியிருக்கிறது என்று அப்புறம்தான் புரிந்தது. எது குங்குமம் எது ரத்தம் என்று ஒவ்வொருத்தி முகத்தையும் தடவிப் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன். சிராய்ப்பு, ஒரு பல், ஒரு நெற்றி வீக்கம். டீச்சர் ஸ்டூலிலிருந்து பறந்து ரெண்டு வரிசை தாண்டிக் கவிழ்ந்து கிடந்தார். தட்டு மட்டும் அவர் கையில் இருந்தது. தட்டைக் காப்பாற்றிய கை, மணிக்கட்டுக்குமேல் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. வலது கை.

"கீழே வைக்கலை," என்றார் என்னிடம். "தட்டைக் கீழே வைக்கலை."

சிக்னலிலிருந்து டிராஃபிக் போலீஸ்காரர் ஓடி வந்தார். பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த பெண்ணின் சித்தப்பா குறுக்கே புகுந்தார். "எல்லாரும் ஒரே குடும்பம் சார். டிரைவர் எங்க மாமா பையன்."

போலீஸ்காரர் லைசென்சில் பேரைப் படித்தார். பாயின் தாடியைப் பார்த்தார். எங்கள் நெற்றிகளைப் பார்த்தார். "மாமா பையன்? எந்த வழி மாமா சார்?"

சித்தப்பா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "சம்பந்தி வழி சார்!"

அந்த நிலைமையிலும் ஒருத்தி சிரித்துத் தொலைத்தாள். கூடவே இன்னொருத்தி. அழுகையும் சிரிப்பும் ஒரே மூச்சில் வந்தன. கல்யாண வீடு என்று போலீஸ்காரரும் இளகிவிட்டார். அடிபட்டவங்க யாராவது இருக்காங்களா என்று கேட்டார். டீச்சர் நடைபாதைக் கல்லில் உட்கார்ந்திருந்தார், கையைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு. வாயைத் திறக்கவில்லை. வண்டி நம்பரை மட்டும் குறித்துக்கொண்டு போலீஸ்காரர் போனார்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டதற்கு டீச்சர் சொன்ன பதில்: "படியில வழுக்கி விழுந்துட்டேன்." அப்படியே எழுதிக்கொண்டார்கள். வெளியே வந்ததும் ஏன் என்று கேட்டேன். "முகூர்த்தம் முடியலையே. கல்யாண ஆத்துக்குப் போலீஸ் வர வேண்டாம்" என்றார். தட்டைக் கீழே வைக்காத அதே மனசு. அந்த ஒரு வரிதான் பின்னால் எங்கள் கழுத்தைச் சுற்றியது.

கல்யாணம் நன்றாக நடந்தது. எனக்குத்தான் அதன்பிறகு எதுவும் நன்றாக இல்லை. கடை வாசலில் பள்ளிக்கூட வேன் திரும்பினால் கையிலிருக்கிற கரண்டி நழுவும். பஞ்சர் கடைக்காரர் வெடித்த டயரைப் பார்த்துச் சொன்னாராம்: "டயர் மேல வெட்டியிருக்கிற பூ தேயல, அதான் ஏமாந்துட்டீங்க. டயருக்கும் வயசு கீது. மனுசனுக்கு நரைக்கும், அதுக்கு நரைக்காது." அதையும் காலண்டர் தாளில் எழுதினேன். எழுதின பிறகு அந்தத் தாளைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

டீச்சரின் கைக்கு ஒரு ஆபரேஷன் ஆனது. விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. இன்னொன்று செய்ய வேண்டும் என்றார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வேறு டீச்சரிடம் போனார்கள். வெளியூரில் இருக்கிற அவருடைய தம்பி வந்து பார்த்துவிட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார், பாய்க்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும். பாய் ஒரு வக்கீலைப் பிடித்தார். வெள்ளை போர்டில் வாடகைக்கு ஆள் ஏற்றியது தெரிந்தால் இன்சூரன்ஸ் கையைக் கழுவும், சீட்டுக்கு மேல் ஏற்றியதும் சேர்ந்தால் மொத்தப் பொறுப்பும் வண்டிக்காரர் தலையில்தான், வண்டி மட்டுமல்ல, அண்ணன் தம்பி நாலு பேர் இருக்கிற வீடுவரைக்கும் இழுக்கும் என்று வக்கீல் சொன்னாராம். ஆஸ்பத்திரிச் சீட்டிலேயே வழுக்கி விழுந்தேன் என்று இருக்கிறதே, அதையே பிடித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னாராம்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். "தவளை தன் வாயால கெடும்பாங்க. வண்டி பேசினது உன் வாய், ஸ்டூலும் உன்னுது" என்று மட்டும் சொல்லிவிட்டு உளுந்து மூட்டையைப் பிரிக்கப் போய்விட்டார். என்மேலும் கேஸ் வருமா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. கேட்டால் வந்துவிடுமோ என்று பயம்.

இப்படி ஒரு காலையில்தான் பாய் வந்து கிரைண்டரைப் பார்த்துப் பேசியது.

"ஸ்டூலெல்லாம் எங்க பாய்?" என்று கேட்டேன். அன்றையிலிருந்து கடை வாசல் காலியாகத்தான் இருந்தது. கேட்கிறவர்களிடம் உடைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"வண்டிலயேதான் கீது. எங்கியாவது கடாசிடுன்னு வக்கீல் சொன்னாரு. கை வரல அக்கா."

எதிர்ச் சாரியில் வேன் நின்றது. மூக்கில் நசுங்கல் அப்படியே. பின் டயர் மட்டும் புதுசு.

பதினொரு மணிக்கு இன்சூரன்ஸ்காரர் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். அதட்டுகிற ஆளாக இருந்தால் நானும் எகிறியிருப்பேன். இவர் தன்மையாக, "பயப்படாதீங்கம்மா. நடந்ததைச் சொல்லுங்க, எழுதிக்கறேன், படிச்சுக் காட்டறேன், ஒரு கையெழுத்து" என்றார். கையெழுத்து என்றதும் மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். வாயால் சொல்வதைக் காற்று கொண்டுபோகும். காகிதம் கொண்டுபோகாது.

"வண்டி வாடகைக்குப் பேசினீங்களா?"

"இல்லை சார். தெரிஞ்சவர். சொந்தம் மாதிரி."

எழுதினார். பேனா காகிதத்தில் ஊர்கிற சத்தம் எனக்குக் கேட்டது. பாய் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எத்தனை பேர் ஏறினீங்க?"

ராயப்பேட்டை வீட்டில் பாயின் கடைசிப் பெண், என்னைக் கண்டால் "மாவு பெரியம்மா" என்று ஓடி வருவாள். அவள் முகம் வந்தது. வாடகை இல்லை என்று சொன்ன பெரிய பொய்க்குள் இது ஒரு சின்னப் பொய்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"பதினேழு" என்றேன்.

நிமிர்ந்தபோது இன்சூரன்ஸ்காரருக்குப் பின்னால் டீச்சர் நின்றிருந்தார். இடது கையில் எவர்சில்வர் தூக்கு. வலது கை முழங்கைவரை பட்டை போட்டு மார்போடு இருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் கேட்டுவிட்டார் என்று தெரிந்தது.

இன்சூரன்ஸ்காரர் திரும்பினார். அந்தக் கையைப் பார்த்தார். ஃபைலைப் பார்த்தார். "நீங்கதானா அது?" என்று கேட்டார். டீச்சர் தலையசைத்தார். இன்சூரன்ஸ்காரர் என் பக்கம் திரும்பி, அதே தன்மையான குரலில், "அம்மா, அந்தப் பதினேழு பேர்ல இவங்க உண்டா?" என்றார்.

கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை நிறுத்தினேன், எதையாவது செய்ய வேண்டுமே என்று. நிறுத்தியிருக்கக் கூடாது. இப்போது பதில் சொல்வதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. ஆமாம் என்றால் ஒரு வீடு போகும். இல்லை என்றால் இந்த மனுஷி என் கண்முன்னாலேயே அந்த வண்டியிலிருந்து காணாமல் போவார். வெடித்த டயருக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த அந்த நேரம் திரும்பி வந்த மாதிரி இருந்தது. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

டீச்சர்தான் பேசினார். என்னைக் காப்பாற்றுகிற மாதிரி, ரொம்ப சாதாரணமாக, தூக்கை நீட்டினார். "ரெண்டு கரண்டி போட்டா போறும். ஆத்துல நான் ஒருத்திதானே."

தூக்கின் மூடியைத் திறக்க அவருக்கு இன்னொரு கை இல்லை. பட்டை போட்ட கையின் முழங்கையால் தூக்கை இடுப்போடு அணைத்து, இடது கை விரலால் மூடியை நெம்பினார். அது வழுக்கி விழுந்து, வாசலில் உருண்டு, பாயின் காலடியில் போய் நின்றது.

பாய் குனிந்து அதை எடுத்தார். சட்டையில் துடைத்தார். என் மேடைமேல் வைத்தார். தெருவைக் கடந்துபோய் வேனின் பின் கதவைத் திறந்தார். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகியிருந்த நாலு சிவப்பு ஸ்டூலையும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒவ்வொன்றையும் கவிழ்த்து, அடியில் இருந்த வெள்ளைப் புள்ளியை இன்சூரன்ஸ்காரருக்குக் காட்டி, நிமிர்த்தி, என் கடை வாசலில் அவை எப்போதும் இருக்கிற இடத்தில் வரிசையாகப் போட்டார். கால் விரிந்திருந்த நாலாவதை மட்டும் ஆடாமல் தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, உட்காருங்கள் என்று டீச்சருக்குத் தலையசைத்தார்.